வீட்டு எலுமிச்சையின் பூச்சிகள்

தொட்டியில் நட்டு முற்றம், தாழ்வாரம், பால்கனி, ஜன்னலோரம் ஆகிய இடங்களில் வளர்க்கப்படும் எலுமிச்சை, நார்த்தை, சாத்துக்குடி, கிச்சிலி முதலிய மரங்களைத் தாக்கும் பூச்சிகளையும் அவற்றைக் கையாளும் முறைகளையும் இக்கட்டுரை விவரிக்கிறது. தோட்டத்து மரத்தைத் தின்னும் அதே பூச்சிகள்தாம் வீட்டு மரத்தையும் தின்கின்றன. சூழல்தான் வேறு. தோட்டத்தில் மழை இலையைக் கழுவிவிடும். குளவியும் பொறிவண்டும் சிலந்தியும் பாதி வேலையை முடித்துவிடும். கூரையடியில் வாழும் மரத்துக்கு அந்த உதவி கிடையாது. அங்கே வளர்ப்பவரே மழையாகவும் குளவியாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் இம்மரங்கள் வீட்டுக்குள் போனதற்குக் காரணம் பனி. குளிர்காலத்தில் ஆரஞ்சு மரத்தொட்டிகளை உள்ளே நகர்த்தி வைப்பதற்கென்றே வெர்சாய் அரண்மனையில் 1680களில் பெரிய மண்டபம் ஒன்று கட்டப்பட்டது. நம் ஊரில் காரணம் இடமின்மை. கடலூருக்கு மேற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், கெடிலக் கரையில், பண்ருட்டி நகராட்சிக்குள் அடங்கியுள்ள திருவதிகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுற்றிலும் பலாவும் முந்திரியும் விளையும் செம்மண் பூமி. ஆனால் வீரட்டானேசுவரர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிறது. கொல்லை இருந்த இடத்தில் அறை எழும்பிவிட்டது. வெள்ளிக்கிழமைக்கும் வாகனப் பூசைக்கும் ஊறுகாய்க்கும் எலுமிச்சை வேண்டுமென்று நினைப்பவர், கம்பி வலை அடித்த தாழ்வாரத்திலோ படிக்கட்டுத் திருப்பத்திலோ தொட்டி வைக்கிறார்.

உறவுச் செடிகள்

வீட்டு எலுமிச்சைக்குப் பூச்சி பெரும்பாலும் பக்கத்திலிருந்தே வருகிறது. கறிவேப்பிலை, வில்வம், விளா ஆகியவை எலுமிச்சையின் குடும்பத்தையே சேர்ந்தவை. சிவத்தலமான திருவதிகையில் வில்வத்துக்கும் குறைவில்லை, கறிவேப்பிலை இல்லாத வீடும் அரிது. சைலிட் என்னும் துளிர்ப்பூச்சி கறிவேப்பிலையில் பெருகி எலுமிச்சைக்குத் தாவும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வில்வத்திலும் முட்டையிடும். கறிவேப்பிலை அழகி என்றே பெயர் பெற்ற மற்றொரு வண்ணத்துப்பூச்சி எலுமிச்சையையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே எலுமிச்சைத் தொட்டிக்கு மருந்து அடித்துவிட்டு, இரண்டடி தள்ளி நிற்கும் கறிவேப்பிலையைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது வீண் வேலை.

துளிரும் பூச்சியும்

எலுமிச்சையின் முக்கியப் பூச்சிகள் பலவும் முற்றிய இலையை விட்டுவிட்டுத் துளிரையே தேடுகின்றன. மரம் ஆண்டுக்குச் சில முறை கூட்டமாகத் துளிர் விடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னும் கோடை மழைக்குப் பின்னும் அது கண்கூடு. தொட்டி மரத்தில் இந்த ஒழுங்கு குலைகிறது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்த தண்ணீரை வாராவாரம் ஊற்றினால் மரம் ஓயாமல் மென்துளிர் விடும். மாடித்தோட்டக்காரர்கள் இதைச் செழிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பூச்சிக்கோ அது நிற்காத பந்தி. உரத்தைக் குறைத்து, நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் படும்படி தொட்டியை நகர்த்தி வைத்தாலே பாதித் தொல்லை அடங்கும்.

இலைத் துளைப்பான்: துளிரில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தால் அது இலைத் துளைப்பானின் வேலை. ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் 1856ல் கல்கத்தாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இதற்கு அறிவியல் பெயரிட்டார். அமெரிக்காவின் புளோரிடாவில் அது 1993ல்தான் காலூன்றியது. நமக்கு அது பழைய குடித்தனக்காரர். மிகச் சிறிய அந்துப்பூச்சி துளிரில் முட்டையிட, புழு இலையின் மேல்தோலுக்கு அடியிலேயே சுரங்கம் அரித்துச் செல்கிறது. கடைசியில் இலை ஓரத்தை மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. தோலுக்கு அடியில் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவது கடினம். வளர்ந்த மரம் இதனால் சாவதில்லை. சுருண்ட இலையும் மரத்துக்குச் சமைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதைக் கண்டபடி கிள்ளிப்போட வேண்டியதில்லை. இளங்கன்றில் மட்டும் மடிந்த ஓரங்களை விரலால் நசுக்கிவிடலாம். புழு அரித்த காயம் வழியே எலுமிச்சைச் சொறி நோய்க் கிருமி உள்ளே புகுவதுதான் உண்மையான கவலை.

வண்ணத்துப்பூச்சிப் புழு: முட்டை ஒவ்வொன்றாக, வெளிர்மஞ்சள் உருண்டையாகத் துளிரில் ஒட்டியிருக்கும். இளம்புழுவைப் பார்த்தால் காக்கை எச்சம் என்றே தோன்றும்; பறவைகளை ஏமாற்ற அது போடும் வேடம். வளர்ந்ததும் பச்சை நிறமாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். கடிக்காது, விஷமும் இல்லை. இரண்டு மூன்று புழுக்கள் சேர்ந்தால் சிறு கன்றை ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடும். இதற்கு மருந்து தேவையே இல்லை, கையால் பொறுக்கினால் போதும். மனம் வராதவர்கள் வேண்டாத ஒரு கறிவேப்பிலைக் கன்றை ஒதுக்குப்புறமாக வைத்து, புழுக்களை அதில் விட்டுவிடலாம். வீட்டுக் குழந்தைகள் கூட்டுப்புழு பிளந்து சிறகு விரிவதைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

சைலிட்: வீட்டு எலுமிச்சையின் பூச்சிகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்று, மிக ஆபத்தானதும் இதுவே. பழுப்பு நிறத்தில், கடுகுக்குச் சற்றே பெரிதாக இருக்கும். வாலைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, இலைமேல் சாய்வாக உட்காரும் அந்தக் கோலத்தைக் கொண்டே இதை அடையாளம் காணலாம். குஞ்சுகள் மஞ்சளாகத் தட்டையாக இருந்து, வெள்ளை மெழுகு நூலைச் சுருள் சுருளாக வெளியேற்றும். சாறு உறிஞ்சுவது சிறிய கேடு. கிரீனிங் நோயின் பாக்டீரியாவை மரத்துக்கு மரம் கொண்டுசெல்வது பெரிய கேடு. புளோரிடாவில் 1998ல் இப்பூச்சியும் 2005ல் நோயும் கண்டறியப்பட்டன. அதன்பின் அந்த மாநிலத்து ஆரஞ்சுத் தொழில் எழுந்திருக்கவில்லை. நோய் கண்ட மரத்தைக் குணமாக்க மருந்து இல்லை.

இலை மஞ்சளாகும்போதெல்லாம் கிரீனிங் என்று பயப்படத் தேவையில்லை. நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது துத்தநாகக் குறைவு. நுண்ணூட்டம் தெளித்தால் தெளிந்துவிடும். ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறு பக்கம் வேறு விதமாகவும் திட்டுத்திட்டாக மஞ்சள் பூத்து, காயும் கோணலாகச் சிறுத்துப்போனால்தான் ஐயப்பட வேண்டும்.

மாவுப்பூச்சி: கூரையடி மரத்துக்கு நாள்தோறும் தொல்லை தருவது இதுதான். கிராமத்தில் கள்ளிப்பூச்சி என்பார்கள். காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலும், காயின் காம்படியிலும், சில சமயம் தொட்டி விளிம்புக்கு அடியிலும் வெள்ளைப் பஞ்சாக ஒட்டிக்கிடக்கும். பெண் பூச்சிக்குச் சிறகில்லை. ஆனால் ஒரு பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. மேலே மெழுகு இருப்பதால் வெறும் தண்ணீர் ஒட்டாது. மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் மெழுகு கரைந்து பூச்சி சாகும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் இருந்தாலும் போதும். ஒரு தடவை துடைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. முட்டையிலிருந்து புதுக் குஞ்சுகள் வந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை என ஒரு மாதமாவது தொடர வேண்டும்.

செதில் பூச்சிகள் தண்டில் மருப்போல ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடப்பதால், பல வீடுகளில் அது பூச்சி என்றே தெரிவதில்லை. நகத்தால் சுரண்டினால் கழன்று வரும். அசுவினி துளிரில் மொய்க்கும். வெள்ளை ஈயும் கரும் ஈயும் இலையடியில் இருக்கும். கரும் ஈ முட்டைகளைச் சுருள் வட்டமாக இடுவது அதன் அடையாளம். சிலந்திப்பேன் பூச்சி இனமே அல்ல, சிலந்தியின் உறவு. காற்றாடாத வறண்ட அறையில் பெருகி, இலையை ஊசி குத்தினாற்போல வெளிறச் செய்யும். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால் நகரும் புள்ளிகளாக அது விழும்.

எறும்பும் கரும்பூசணமும்

சாறு உறிஞ்சும் பூச்சிகள் இனிப்பான கழிவை வெளியேற்றுகின்றன. அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து இலை கரி பூசியதுபோல ஆகிவிடும். தென்னைக்கு அடியில் வைத்த தொட்டியில் பூச்சியே இல்லாமலும் இது வரும். 2016ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது தென்னை உள்ள இடமெல்லாம் பரவியிருக்கிறது. மட்டையிலிருந்து சொட்டும் பிசின் கீழே உள்ள செடியில் படிகிறது. இதற்கு மைதா மாவைக் காய்ச்சி நீர்க்கக் கரைத்துத் தெளிப்பது வேளாண் துறையினர் சொல்லும் எளிய வழி. வெயிலில் காய்ந்து ஏடு ஏடாக உரியும்போது கருமையையும் சேர்த்துக்கொண்டு உதிர்ந்துவிடும்.

இந்த இனிப்புக்காகவே எறும்பு வருகிறது. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டி, குஞ்சுகளைத் தூக்கிப் போய் வேறு கிளையில் குடியேற்றவும் செய்கிறது. தண்டில் எறும்பு வரிசை ஏறுவதைக் கண்டால், மேலே ஏதோ பூச்சி குடியிருக்கிறது என்று பொருள். தொட்டியைச் செங்கல் மீது ஏற்றி, அதைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் எறும்பின் வழி அடைபடும். சமையலறை அலமாரிக் கால்களுக்குக் கிண்ணத்தில் நீர் வைத்த பழைய ஏற்பாடுதான். தட்டு நீரில் சிறிது சோப்புக் கரைக்க வேண்டும், இல்லையென்றால் டெங்குக் கொசுவை நாமே வளர்த்ததாக ஆகும். கிளை சுவரையோ ஜன்னல் கம்பியையோ தொடாதிருக்க வேண்டும்.

எல்லா எறும்பும் எதிரியல்ல. மரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பைத் தெற்குச் சீனத்து ஆரஞ்சுத் தோட்டங்களில் விலைக்கு வாங்கி வந்து விட்டதாக, கி.பி. 304ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் நூல் ஒன்று கூறுகிறது. உயிரினத்தைக் கொண்டு பூச்சியைக் கட்டுப்படுத்தியதற்கு உலகின் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. வீட்டுக்குள் முசுறை விட யாரும் துணிய மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நட்புப் பூச்சிகள்

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பஞ்சுச் செதில் பூச்சி கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்தபோது, ஆல்பர்ட் கோபெல் 1888-89ல் அதே நாட்டுப் பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார். ஓரிரு ஆண்டுகளில் தோப்புகள் மீண்டன. அதே செதில் பூச்சி 1928ல் நீலகிரியின் வாட்டில் மரங்களில் தலைகாட்டியபோது, அந்தப் பொறிவண்டே இங்கும் வரவழைக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1898ல், காபிச் செதிலை ஒழிக்க இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் பொறிவண்டு இன்று மாவுப்பூச்சிக்கு எதிரான முக்கியத் துணை. இதன் இளம்புழுவும் வெள்ளை மெழுகு போர்த்தி மாவுப்பூச்சி போலவே இருக்கும். உருவில் பெரிது, நடையில் வேகம்: இந்த இரண்டையும் பார்த்த பிறகே துடைக்க வேண்டும். நண்பனை நசுக்கிய வீடுகள்தாம் அதிகம்.

தெளிப்பு முறைகள்

முதல் மருந்து தண்ணீர். தொட்டியைக் குழாயடிக்கு நகர்த்தி, இலையின் அடிப்பக்கத்தில் படும்படி காலை நேரத்தில் வேகமாகப் பீய்ச்சினால் அசுவினியும் சிலந்திப்பேனும் பெருமளவு போய்விடும். தெருப் புழுதியும் நீங்கும். தொட்டி மண்ணைப் பாலிதீனால் மூடிக்கொள்வது நல்லது.

அடுத்தது வேம்பு. ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய் போதும். எண்ணெயை நேரே நீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். முதலில் எண்ணெயோடு காதி சோப்புக் கரைசலைக் குழைத்து, பிறகு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பால் போல வெளுத்துக் கலக்கும். வேப்பங்கொட்டைச் சாறு வேண்டுவோர் 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்துத் துணியில் வடிகட்டலாம். ஆனி, ஆடியில் உதிரும் பழத்தின் கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் ஆண்டு முழுதும் கைகொடுக்கும். தெளிப்பது மாலையில் மட்டுமே. கடலூர் வெயிலில் எண்ணெய் பட்ட இலை கருகிவிடும். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்காமல் பலன் பேசக்கூடாது.

வயலுக்கான ரசாயன மருந்துகள் வீட்டுக்குள் வேண்டாம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஊடுருவும் மருந்து காயிலும் ஏறும், அந்தக் காய் சாதத்தில் பிழியப்படும். ஒரு காலத்தில் சர்வ சாதாரணமாக அடிக்கப்பட்ட டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. யாரோ பழைய புட்டியை எடுத்துக் கொடுத்தால் வாங்கக் கூடாது.

பூச்சியை அடையாளம் காண முடியாதவர்கள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தையோ விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ தங்கள் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தையோ கேட்கலாம். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலும் பேசலாம். பாதிக்கப்பட்ட சிறு கிளையை மட்டும் வெட்டி, மூடிய பாலிதீன் பையில் எடுத்துச் செல்லுங்கள். கிரீனிங் ஐயம் உள்ள மரத்திலிருந்து பதியமோ ஒட்டுக்குச்சியோ எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். நோய் அதன் வழியாகவும் போகும்.