ஜெட் படகு: பம்ப் எங்க உட்காரணும்?

2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்கள்ல படகு போனது ஞாபகம் இருக்கா? ஆழமில்லாத தண்ணியில ப்ரொப்பல்லர் தரை தட்டும். 1950களில் நியூசிலாந்தின் பில் ஹாமில்டனுக்கும் இதே தலைவலி. அவங்க ஊர் ஆறுகள்ல முழங்கால் ஆழம் தண்ணி, அடியில கல்லு.

அதனால ப்ரொப்பல்லருக்குப் பதிலா, தண்ணியை உறிஞ்சி பீச்சுற பம்ப்பைப் படகுக்குள்ள வச்சார். முதல்ல தண்ணி படகுக்கு அடியில வெளியேறுச்சு, வேகம் வரல. அதையே பின்பக்கமா, நீர்மட்டத்துக்குச் சற்று மேல வெளியேத்தினதும் படகு சீறிக் கிளம்புச்சு. 1977இல் எட்மண்ட் ஹிலாரி ஜெட் படகுகள்லதான் கங்கையை எதிர்த்து ஏறினார். நந்தபிரயாகைக்கிட்ட ஒரு அருவிதான் தடுத்துச்சு.

பழைய ஜெட் படகுக்குப் புது இன்ஜின் மாத்தும்போதும் கணக்கு இதேதான். முதல்ல பம்ப், பின்பலகையை ஒட்டி, தண்ணி தானா நிரம்புற உயரத்துல. அப்புறம்தான் அதுக்கு முன்னால இன்ஜின். பம்ப்போட இம்பெல்லருக்குப் பொருந்தாத சுழற்சியில ஓடினா, எவ்வளவு பெரிய இன்ஜினும் வீண்.

ஒரு விஷயம்: ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் சிக்கினா ஜெட்டும் திணறும். அடையாற்றுக்குப் படகு யோசிக்கிறவங்க, குப்பையிலிருந்து ஆரம்பிக்கணும்.