உலங்கு, தும்பி, தேள்

தனித்தமிழ் அன்பர்கள் ஹெலிகாப்டரை 'உலங்கு வானூர்தி' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். உலங்கு என்பது ஒரு வகைக் கொசுவின் பழம்பெயர். செமினியில் என் மாணவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் 'மஸ்கிட்டோ' என்ற பெயரிலேயே ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டும் ஹெலிகாப்டர் ஒன்று உண்டு. பாகங்களாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நாமே பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது அது.

ஒற்றை இருக்கை ஹெலிகாப்டருக்குப் புதிதன்று. 1939இல் இகோர் சிகோர்ஸ்கி அமெரிக்காவில் எழுப்பிய வி.எஸ்.300இல் அவர் ஒருவரே திறந்த வெளியில் அமர்ந்திருந்தார். மேலே ஒரு பெரிய சுழலிறக்கை, வாலில் ஒரு சிறியது என்னும் அமைப்பு அதன் வழியாகவே நிலைபெற்றது. மேலிறக்கை ஒரு பக்கம் சுழல, உடற்பகுதி எதிர்ப்பக்கம் சுழல முற்படும். அதைப் பிடித்து நிறுத்துவதே வாலிறக்கையின் வேலை. சிறியதுதானே என்று எண்ணிவிட வேண்டா.

சிகோர்ஸ்கியின் பிந்திய வடிவம் ஒன்றைப் பிரிட்டனின் வெஸ்ட்லண்ட் நிறுவனம் 'டிராகன்ஃபிளை', அதாவது தும்பி, என்னும் பெயரில் கட்டியது. அவசரகாலத்தின்போது, 1950இல், காயமுற்றோரைக் காட்டிலிருந்து மீட்கப் பிரிட்டிஷ் விமானப்படை அவற்றை மலாயாவில் பறக்கவிட்டது. நம் வெப்பமும் ஈரமும் காற்றின் அடர்த்தியைக் குறைத்துவிடும். ஆகவே தும்பிக்கு இங்கே ஓரிருவரைத் தூக்குவதே பெரும்பாடாயிற்று.

வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் எண்ணம் 1960களில் வலுப்பெற்றது. பி.ஜே. ஸ்க்ராம் என்ற அமெரிக்கர் 'ஸ்கார்ப்பியன்' என்னும் ஒற்றை இருக்கை ஹெலிகாப்டரைப் பாகங்களாக விற்றார். தும்பிக்குப் பின் தேள்! 1982இல் அமெரிக்க அரசு மிக எளிய பறப்பூர்திகளுக்கென ஒரு விதி வகுத்தது. ஒருவர் மட்டுமே பறக்க வேண்டும். வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மக்கள் நெருக்கமான இடங்களின்மேல் பறக்கலாகாது. இவற்றுக்குக் கட்டுப்பட்டால் ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. அந்த எடைக்குள் ஒரு ஹெலிகாப்டரை அடக்கிக் காட்டியவர் கனடாவின் பொறியாளர் ஜான் அப்டிகுரோவ். அதுவே மஸ்கிட்டோ. (இச்சலுகை அமெரிக்காவுக்கு உரியது. நம் நாட்டில் வானில் எதைப் பறக்கவிடுவதானாலும் பொது வான் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்தாக வேண்டும்.)

ஒரு சிறு கணக்கு. மஸ்கிட்டோவின் மேலிறக்கை ஏறத்தாழ 5.5 மீட்டர் விட்டமுடையது. நிமிடத்திற்கு 500 சுற்று என்று கொண்டாலும், இறக்கையின் நுனி மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். ஓட்டுபவர் தலைக்குச் சற்றே மேலே!

இக்கணக்கை நான் போட்டுப் பார்த்ததற்குக் காரணம் இந்தியாவில் நிகழ்ந்த ஒரு மரணம். மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் புல்சாவங்கி என்றோர் ஊர். அங்கே பற்றவைப்புத் தொழில் செய்த இளைஞர் ஒருவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், காணொளிகளைப் பார்த்தே ஒற்றை இருக்கை ஹெலிகாப்டர் ஒன்றைக் கட்டினார். மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்தினார். 2021 ஆகஸ்டு மாதம், சுதந்திர தினத்திற்குச் சில நாள்களே இருக்கையில், தரையில் நிறுத்தி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். வாலிறக்கை முறிந்து மேலிறக்கையைத் தாக்கியது. மேலிறக்கை அவர் தலையில் மோதியது. அவர் பிழைக்கவில்லை.

படிக்காதவருக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் கேட்டனர். எனக்கு அக்கேள்வி பிடிக்கவில்லை. தகரத்தை வெட்டி, குழாயை இணைத்து, இயங்கும் எஞ்சினை அதிலேற்றியவரிடம் திறமைக்குக் குறைவில்லை. கிட் ஒன்றை விலைகொடுத்து வாங்குபவருக்குக் கிடைப்பதும் வெறும் குழாயும் திருகாணியும் அல்ல. எத்தனையோ மணி நேரம் சுழற்றிச் சோதித்த ஓர் இறக்கையின் வடிவம் கிடைக்கிறது. எந்த உலோகம் எத்தனை அதிர்வில் களைத்து முறியும் என்பதை யாரோ முன்பே முறித்துப் பார்த்து அறிந்து வைத்திருக்கிறார்கள். அது காணொளியில் தெரிவதில்லை. பட்டறை இருந்தது, சோதித்துச் சொல்ல அருகில் ஒரு பொறியாளர் இல்லை.

அவ்வளவு சோதனைக்குப் பின்னும் இவ்வூர்தி எளிதில் பணிவதில்லை. தேளைப் படைத்த ஸ்க்ராம் பிற்காலத்தில் 'ஹெலிசைக்கிள்' என்னும் இன்னொரு ஒற்றை இருக்கை ஹெலிகாப்டரை வடிவமைத்தார். 2004இல் அதில் பறந்தபோதே விபத்தில் மாண்டார்.