எல்லை தாண்டினால் எகிறும் பில்: டேட்டா ரோமிங்கின் கதை

வெளிநாடு கிளம்பும் யாரிடமும் பேசிப் பாருங்கள். பாஸ்போர்ட், டிக்கெட்டுக்கு அடுத்தபடியாக அவர்கள் கவலைப்படுவது செல்போனைப் பற்றித்தான். ரோமிங் பேக் போடுவதா, அங்கே போய் சிம் வாங்குவதா, இ-சிம் எடுப்பதா?

போனின் செட்டிங்ஸுக்குள் போனால் 'டேட்டா ரோமிங்' என்று ஒரு பட்டன் இருக்கும். பெரும்பாலும் அது ஆஃப் ஆகியே இருக்கும். ஆன் செய்தால் போன் கெட்டுவிடும் என்பதாலா? இல்லை. பில் வரும் என்பதால்! அந்த பயம் எங்கிருந்து வந்தது, ஐரோப்பாக்காரர்கள் அதை எப்படி விரட்டினார்கள் என்று பார்ப்போம்.

1980களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் நாட்டுக்கு ஒரு செல்போன் முறை இருந்தது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நான்கும் 1981-82இல் என்எம்டி என்ற பொது முறைக்கு வந்ததால், அந்த வட்டாரத்துக்குள் மட்டும் எல்லை தாண்டிப் பேச முடிந்தது. ஆனால் மேற்கு ஜெர்மனியின் போன் பிரான்சில் வேலை செய்யாது, பிரிட்டன் போன் இரண்டு இடத்திலும் வேலை செய்யாது.

இதைச் சரிசெய்ய 1982இல் ஐரோப்பியத் தபால், தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் கூட்டமைப்பு ஒரு குழுவை அமைத்தது. அதன் பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம்தான் ஜிஎஸ்எம். 1987 செப்டம்பரில் கோபன்ஹேகனில் 13 நாடுகளின் தொலைபேசி நிறுவனங்கள் ஒரே முறையைக் கொண்டுவர ஒப்பந்தம் செய்தன. 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி, ரேடியோலின்யா நெட்வொர்க்கில் முதல் ஜிஎஸ்எம் அழைப்பைப் பேசினார். அடுத்த வருடமே, 1992இல், டெலிகாம் பின்லாந்தும் பிரிட்டனின் வோடபோனும் முதல் சர்வதேச ரோமிங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரே போன், ஒரே நம்பர், இரண்டு நாடு. கனவு பலித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? சிம் கார்டுக்குள் வழக்கமாக 15 இலக்கம் உள்ள ஓர் அடையாள எண் இருக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் காட்டும். பின்லாந்துக்கு 244, இந்தியாவுக்கு 404, 405. பின்லாந்து சிம்முடன் ஒருவர் ஸ்பெயினில் இறங்கினால், ஸ்பெயின் நெட்வொர்க் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இவர் உங்க ஆளா?" என்று பின்லாந்து நெட்வொர்க்கைக் கேட்கும். அங்கே சரிபார்த்து "ஆமாம்" என்று பதில் வந்தால்தான் சிக்னல் கிடைக்கும். பிறகு ஸ்பெயின் நிறுவனம் பின்லாந்து நிறுவனத்திடம் பணம் வாங்கும், பின்லாந்து நிறுவனம் அதன் மேல் தன் லாபத்தையும் வைத்து வாடிக்கையாளரிடம் வாங்கும்.

2000 வாக்கில் ஜிபிஆர்எஸ் மூலம் இன்டர்நெட்டும் இதே வழியில் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரோமிங்கில் டேட்டா வழக்கமாகச் சொந்த நாட்டுக்குப் போய்த்தான் இன்டர்நெட்டில் கலக்கும். மாட்ரிட்டில் உட்கார்ந்து மாட்ரிட் செய்தித்தாளைத் திறந்தாலும் தகவல் ஹெல்சிங்கி போய்த் திரும்பி வரும்! அந்த வாசலின் பெயர்தான் நாம் செட்டிங்ஸில் பார்க்கும் 'ஏபிஎன்'. அதனால்தான் ரோமிங்கில் நம் பழைய ஏபிஎன்னே போதும். உள்ளூர் சிம் வாங்கிப் போட்டால் அந்த நிறுவனத்தின் ஏபிஎன் வேண்டும்.

சரி, விலை ஏன் எகிறியது? தகவல் ஹெல்சிங்கி போய் வரும் செலவு இதற்குக் காரணம் இல்லை. விலையைப் பேசி முடிப்பது இரண்டு கம்பெனிகள், பணம் கட்டும் வாடிக்கையாளர் அந்தப் பேச்சிலேயே இல்லை. சிம் வாங்கும்போது மாத வாடகையை ஒப்பிட்டுப் பார்ப்போமே தவிர, வருடத்தில் பத்து நாள் போகும் ஊரின் ரோமிங் கட்டணத்தையா பார்ப்போம்? அதனால் போட்டி வந்தும் விலை இறங்கவில்லை. ஸ்மார்ட்போன் வந்ததும் நிலைமை இன்னும் மோசம். பாக்கெட்டில் சும்மா கிடக்கும் போனே மெயிலையும் அப்டேட்டையும் இழுத்துக்கொண்டிருக்கும். பேசினால் பேசியது தெரியும், டேட்டா செலவானது பில் வந்த பிறகுதான் தெரியும்.

இந்த இடத்தில்தான் விவியன் ரெடிங் வருகிறார். ஐரோப்பிய ஆணையத்தில் தொலைத்தொடர்புக்குப் பொறுப்பான ஆணையர். சொந்த நாடு லக்சம்பர்க். கொஞ்ச நேரம் கார் ஓட்டினால் ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ் என்று ஏதாவது ஓர் எல்லை வந்துவிடும் குட்டி நாடு. அவர் முயற்சியில் 2007இல் வந்த சட்டம், ரோமிங்கில் பேசும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 சென்ட், வரும் அழைப்புக்கு 24 சென்ட் என்று உச்சவரம்பு வைத்தது (வரி தனி). வோடபோன் உள்ளிட்ட நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2010 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அடுத்தது டேட்டா. 2010 ஜூலை முதல், வாடிக்கையாளர் வேறு வரம்பு கேட்காவிட்டால் மாத ரோமிங் டேட்டா பில் 50 யூரோவைத் தொட்டதும் இணைப்பு நிறுத்தப்பட வேண்டும் என்று விதி வந்தது. 2012இல் ஒரு எம்பிக்கு 70 சென்ட் உச்சவரம்பு. கணக்குப் போட்டால் ஒரு ஜிபிக்கு சுமார் 700 யூரோ! விலையைக் குறைத்த பிறகும் இவ்வளவு. 2014இல் அது 20 சென்ட் ஆனது. 2016 ஏப்ரல் இறுதியில், உள்ளூர் கட்டணத்துக்கு மேல் எம்பிக்கு 5 சென்ட் மட்டும் கூடுதலாக வாங்கலாம் என்றானது. 2017 ஜூன் 15 அன்று கூடுதல் கட்டணமே ஒழிந்தது. ஊரில் என்ன விலையோ, எல்லைக்கு அப்பாலும் அதே விலை. இந்த விதியை 2022இல் மேலும் பத்து வருடத்துக்கு நீட்டித்தார்கள்.

1992இல் போன் எல்லையைத் தாண்டியது. விலை எல்லையைத் தாண்ட 2017 ஆனது. நடுவில் 25 வருடம்! தொழில்நுட்பம் வந்துவிட்டால் எல்லாம் தானாக மலிவாகிவிடும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இந்தக் கதையில் சட்டம் வந்து கையைப் பிடித்துக் கேட்ட பிறகுதான் விலை இறங்கியது. பிடியை விட்டால்? ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனில், சில நிறுவனங்கள் 2022இல் மறுபடியும் ரோமிங் கட்டணத்தைக் கொண்டுவந்துவிட்டன.

இதில் நமக்கு என்ன பாடம்? அந்தச் சட்டம் இந்திய சிம்மை எடுத்துக்கொண்டு பாரிஸ் போகிறவருக்கு உதவாது. ஆனால் பாரிஸில் வாங்கும் சிம் பொதுவாக 27 நாடுகளிலும், கூடவே நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனிலும் வேலை செய்யும், அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு வாங்கினால் போதும். சுவிட்சர்லாந்து இந்தப் பட்டியலில் இல்லை. எல்லையோர ஊரில் போன் தானாக சுவிஸ் டவரைப் பிடித்துவிட்டால் கதை வேறு. கப்பலிலும் விமானத்திலும் இருக்கும் சாட்டிலைட் நெட்வொர்க்குக்கும் இந்த விதி கிடையாது.

இப்போது இ-சிம் வந்து, கார்டு மாற்றும் வேலையும் போய்விட்டது. கிளம்பும் முன்பே ஊரில் இருந்தபடி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் உலகத்தின் பெரும்பகுதியில் ரோமிங் விலை இன்னும் இரண்டு கம்பெனிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயம்தான். அதுவரைக்கும் அந்த பட்டன் ஆஃப் ஆகியே இருப்பது நல்லது. ஆன் செய்வதற்கு முன்னால் ஒரு எம்பி என்ன விலை என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.