கேம் பெட்டியோட கேமரா எதுக்குங்க?

கேம் பெட்டி வேணும்னா கூடவே கேமராவையும் வாங்கித்தான் ஆகணும்னு மைக்ரோசாஃப்ட் பிடிவாதம் பிடிச்சது ஞாபகம் இருக்கா மக்களே? 2013 மே மாசம் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவிப்பு வந்தப்ப, கினெக்டைச் செருகலைன்னா பெட்டியே ஓடாதுன்னாங்க. அதே ஜூன்ல ஸ்னோடென் வெளியிட்ட உளவு சமாச்சாரம் வேற. ஹால்ல எந்நேரமும் முழிச்சுக்கிட்டு இருக்கற கேமரான்னா யாருக்குத்தான் பயம் வராது? ஆகஸ்ட்லயே செருகாமலும் ஓடும்னு இறங்கி வந்தாங்க. ஆனா பெட்டியை விட்டு அதைப் பிரிக்கலை. விலை 499 டாலர். எதிர்க்கடை பிளேஸ்டேஷன் 4 399 டாலர்!

அவங்க பக்கமும் நியாயம் இருக்குங்க. 2010 நவம்பர்ல முதல் கினெக்ட் வந்து 60 நாள்ல 80 லட்சம் வித்து கின்னஸ்ல ஏறுச்சு. ஆனாலும் அது தனியா வாங்கற சாமான். எல்லார் வீட்டுலயும் இருக்கும்னு நம்பி கேம் எழுத முடியாது. அதான் அடுத்த பெட்டியோடவே சேர்த்துக் கட்டினாங்க.

கூடவே ஒரு கருவி வர்றது நமக்குப் புதுசா என்ன? தொண்ணூறுகள்ல நம்மூர்ல வித்த கேசட் டிவி கேம்ல ஒரு துப்பாக்கி வருமே! விசையை அழுத்தினதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கற இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கி முனையில இருக்கற ஒளி உணரி அதைப் பார்த்துடுச்சுன்னா வாத்து காலி. பழைய குண்டு டிவியில மட்டும்தான் வேலை செய்யும், எல்சிடி வந்ததும் செத்துப்போச்சு. ஆனா அது விலையை ஏத்தலை, இடமும் கேட்கலை.

கினெக்ட் இடம் கேட்டுச்சு. முதல் கினெக்டுக்கு ஒருத்தர் ஆட 6 அடி, ரெண்டு பேர் ஆட 8 அடி தள்ளி நிக்கணும். எங்க ஒத்தக்கடையில பத்துக்குப் பத்து ஹால் வீடுகள்தான் நிறைய. அதுல கட்டில், பீரோ, டிவி ஸ்டாண்டு போக மிச்சத்துல நின்னு கையைக் காலை ஆட்டினா அக்காவுக்கு அடி, ஃபேனுக்கு இடி. ரெண்டாவது கினெக்டுக்குக் கொஞ்சம் கிட்ட நின்னாலும் போதும். அப்பவும் பீரோவைத் தூக்கி எங்க வைக்கறது? இது அமெரிக்க ஹாலை மனசுல வச்சுச் செஞ்ச சாமான்னுதான் நான் சொல்லுவேன்.

2014 ஜூன்ல கேமரா இல்லாத பெட்டி 399 டாலருக்கு வந்துச்சு. கினெக்டுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்த கிராஃபிக்ஸ் திறன்ல 10 சதவீதம் வரைக்கும் கேம் எழுதறவங்களுக்குத் திரும்பக் கிடைச்சுது. அதாவது கேமராவைக் கழட்டினதும் பெட்டிக்குப் பலம் கூடிடுச்சு. அவசியமா இல்லையாங்கற கேள்விக்கு இதுக்கு மேல என்னங்க பதில் வேணும்?

இந்தியாவுக்கு எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்ததே 2014 செப்டம்பர் 23-ல, பிரிச்சதுக்கு அப்புறம். கேமராவோட 45,990 ரூபாய், இல்லாம 39,990. நம்மாளுங்க 6,000 ரூபாய் வித்தியாசத்துக்கு எதை எடுப்பாங்கன்னு நான் சொல்லணுமா?

பிரிச்சதுமே கினெக்டுக்கு கேம் எழுத ஆள் குறைஞ்சுபோச்சு. 2016-ல வந்த ஒன் எஸ் பெட்டியில அதைச் செருகற ஓட்டையே இல்லை. 2017 அக்டோபர்ல தயாரிப்பை நிறுத்தினாங்க. ஆனா முதல் கினெக்டுக்கு உணரி நுட்பம் கொடுத்த இஸ்ரேல் கம்பெனி பிரைம்சென்ஸை 2013-லயே ஆப்பிள் வாங்கிருச்சு. 2017-ல ஐபோன் எக்ஸ் நம்ம மூஞ்சியில கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளை அடிச்சுப் பூட்டைத் திறந்துச்சே, அதுவும் அந்த வழியில வந்ததுதான். அதுக்கு 6 அடி இடம் வேண்டாம், ஒரு முழம் போதும்.