அயன்கள் எங்கிருந்து வந்தன?

தூய நீரில் மின் பாய்வது மிக அரிது. அதில் சீனியைக் கரைத்தாலும் அந்நிலை மாறுவதில்லை. ஆனால் சிறிது உப்பைக் கரைத்ததும் மின் எளிதிற் பாய்கின்றது. உப்பு நீருக்கு அளித்தது யாது? இவ்வினாவிற்கு விடை காண அறிஞர்க்கு 80 ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது.

1800 ஆம் ஆண்டில் உவோற்றா தமது மின்னடுக்கை வெளிப்படுத்தினார். அவ்வாண்டிலேயே நிக்கல்சன், கார்லைல் என்னும் ஆங்கிலேயர் இருவர் அதனைக் கொண்டு நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பகுத்தனர். 1834 இல் மைக்கல் பரடே, மின்வாய்களை நோக்கிச் செல்லும் கூறுகளுக்கு ‘அயன்’ எனப் பெயரிட்டார்; கிரேக்க மொழியில் ‘செல்வது’ என்பதே அதன் பொருள். மின்னே மூலக்கூறைப் பிளந்து அயன்களை உண்டாக்குகின்றது என அக்காலத்தார் பலரும் கருதினர்.

1857 இல் கிளௌசியசு இக்கருத்தை மறுத்தார். மின்விசையே மூலக்கூறைப் பிளப்பதாயின், குறித்த ஓர் அளவிற் குறைந்த விசையில் ஓட்டம் நிகழலாகாது. கரைசலிலோ மிகச் சிறு விசையும் அயன்களை நகர்த்துகின்றது. எனவே, மூலக்கூறுகளுட் சில முன்னரே பிரிந்திருத்தல் வேண்டும் என்றார்.

இக்கருத்தை வளர்த்தவர் சுவீடன் நாட்டவரான சுவாந்தே அரீனியசு. 1884 இல், தமது 25 ஆம் வயதில், அவர் அளித்த ஆராய்ச்சிக் கட்டுரைக்கு உப்சாலாப் பல்கலைக்கழகம் தாழ்ந்த தரமே வழங்கியது. ஆயினும், அதனைப் படித்த ஒசுவால்ட்டு என்னும் பேராசிரியர் அவ்வாண்டிலேயே உப்சாலாவிற்குச் சென்று அவருக்கு ஊக்கமளித்தார். 1887 இல் அரீனியசு தமது கொள்கையைத் தெளிவுற நிறுவினார். உப்பு கரைந்த மாத்திரத்தே அயன்களாகப் பிரிகின்றது. அதற்கு மின் வேண்டியதில்லை. சம எண்ணிக்கையான சீனி மூலக்கூறுகளிலும் உப்பு நீரின் உறைநிலையை ஏறத்தாழ இருமடங்கு தாழ்த்துவது இதற்குச் சான்றாயிற்று.

சோடியம் நீருடன் உக்கிரமாகத் தாக்கமுறும், குளோரீனோ நச்சுவாயு. அவை உப்புநீரில் வேறுவேறாக இருப்பதெங்ஙனம் எனப் பலர் வினவினர். ஏற்றம் பெற்ற அயன் வேறு, ஏற்றமற்ற அணு வேறு என்பதே விடை. 1903 இல் அரீனியசு நோபெல் பரிசு பெற்றார்.

உப்புப் பளிங்கு தானும் அயன்களாலாயதே என்பது பின்னர் தெளிவாயிற்று. உப்பு கரைசலில் முற்றாகவே பிரிந்துள்ளதெனக் கொண்டு, 1923 இல் டெபாய், ஊக்கல் என்போர் அரீனியசின் கொள்கையைத் திருத்தினர்.

மின்புலமோ அங்குமிங்கும் அலையும் அயன்களுக்குத் திசை காட்டுவதேயாம். சென்ரிமீற்றருக்கு ஓர் உவோற்று என்னும் புலத்தில், சோடிய அயன் ஒரு மணித்தியாலத்தில் முன்னேறுவது ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் மட்டுமே. மின் அயன்களைப் படைப்பதன்று. முன்னரே உள்ளவற்றை நெறிப்படுத்துவதாகும்.