முப்பரிமாணச் செடியுரு

முப்பரிமாணச் செடியுரு என்பது, ஒரு செடியின் தண்டு, கிளை, காம்பு, இலை ஆகிய ஒவ்வொன்றும் எவ்விடத்தில், எத்திசை நோக்கி, எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று அளந்தெடுத்துக் கணிப்பொறியில் மீண்டும் நிறுத்தி, எந்த இலை எந்த வேளையில் எவ்வளவு ஒளி பெறுகிறது என்று கணக்கிட உதவும் உருவமாகும். இத்துறையின் சரித்திரத்தில் பருத்திக்குத் தனியிடம் உண்டாதலால், பருத்தி விளையும் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தாருக்கு இது அயலூர்க் கதையன்று.

பயிரின் தழைப்பு ஒளியை உட்கொள்ளும் விதத்தைக் கணித ரூபத்தில் வகுத்தவர்கள் டோக்கியோவின் மொன்சி, சயேக்கி என்னும் இருவர். உச்சியிலிருந்து கீழே இறங்க இறங்க, கடந்துவந்த இலைப்பரப்புக்குத் தக்கவாறு ஒளி மடங்குமடங்காகக் குன்றும் என்பது 1953-இல் அவர்கள் வெளியிட்ட கொள்கை. எளிமையால் இன்றும் வழக்கிலுள்ள அக்கணக்கு, வயல் முழுவதையும் கலங்கிய நீரைப்போல் ஒரே சீரான பொருளாகப் பாவித்தது. தனி இலைக்கு அதில் இடமில்லை.

பருத்தியோ அப்பொதுக்கணக்கில் அடங்குவதன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஊர்ப்பெயரால் வெளியிட்ட எஸ்.வி.பி.ஆர். 2 போன்ற அமெரிக்க இனத்துப் பருத்தி, மாசிப் பட்டத்தில் விதைக்கப்பட்டுச் சித்திரையில் தழைத்து நிற்கையில், விடியற்காலையில் அதன் மேலிலைகள் கிழக்கே முகங்காட்டுவதையும், சூரியன் மலைத்தொடரை நோக்கிச் சாயும் பிற்பகலில் அவையே மேற்கே திரும்பியிருப்பதையும் வரப்பில் நின்றே காணலாம். நாட்டுப் பருத்தியான கருங்கண்ணியின் இலை விரல்விரலாகப் பிளந்தது. அதன் இடுக்குகளின் வழியே வெயில் அடிக்கிளைவரை இறங்கும்.

இத்தகைய செடியை இலையிலையாக அளக்க, 1973-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி லாங் மூட்டுகளுள்ள கையொன்றைக் கையாண்டார். அதன் நுனி இலையைத் தொடும்போது, மூட்டுகள் மடங்கிய கோணங்களிலிருந்து அவ்விடம் கணிக்கப்பட்டது. 1990-களில் பிரான்சின் சினோக்கேயும் தாய்லாந்து ஆராய்ச்சியாளரும் அதே வேலைக்குக் காந்தப் புலத்தில் இயங்கும் உபகரணத்தைப் பருத்தியில் பயன்படுத்தினர். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். கடைசி இலைக்கு வருவதற்குள் முதல் இலை சூரியனைத் தொடர்ந்து திரும்பிவிடும். அளக்காமலே செடியை வளர்க்கும் வழியும் இருந்தது: அரிஸ்டிட் லிண்டன்மாயர் 1968-இல் இயற்றிய வளர்ச்சி இலக்கணத்தைக் கொண்டு, ஹனன், ரூம் முதலியோர் ஆஸ்திரேலியாவில் கணுவுக்குக் கணு கிளைக்கும் பருத்தியைக் கணிப்பொறியில் உருவாக்கினர்.

இவ்வுருக்களின் பிரயோஜனம் அடிக்கிளையில்தான் தெரியும். காய்க்குப் பெரும்பாலும் உணவூட்டுவது அதன் அருகிலுள்ள இலையே. அவ்விலை நிழலில் மூழ்கினால் சப்பை எனப்படும் மொட்டும் பிஞ்சும் உதிரும். இரகப் பருத்தியில் எழுபது, எண்பது நாளில் பதினைந்தாம் கணுவுக்கு மேல் நுனியைக் கிள்ளிவிடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது. கிள்ளிய செடியையும் கிள்ளாத செடியையும் உருவாக அருகருகே நிறுத்தினால், கீழிலைகளில் விழும் வெயிலின் வேறுபாட்டை மணிக்கு மணி எண்ணிவிடலாம்.