நகல் இங்கே, அசல் அங்கே

யாங்கூன் டீக்கடையில் பழைய ராக் பாட்டு ஓடினால் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். மெட்டு அமெரிக்காவுடையது, வரிகள் பர்மியம். இதற்கு இங்கே 'காப்பி தச்சின்' என்று பெயர். நகல் பாட்டு. 1970களின் ராக், பாப் எல்லாம் பலருக்கும் இப்படித்தான் அறிமுகமானது.

இதே காலத்தில் நம்மவர்கள் கதை வேறு. 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. பிழைப்பு போன தமிழர்கள் பலர் கிட்டத்தட்ட வெறுங்கையோடு மெட்ராஸுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்காக 1969-இல், கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பர்மா பஜார் வந்தது. டேப் ரெக்கார்டர், ஆங்கிலப் பாட்டு கேசட் எல்லாம் அங்கே கிடைத்தன. (அதிலும் நகல் உண்டு, அது தனிக்கதை!)

இங்கே என் நண்பர்கள் பர்மியப் பாட்டென்றே நினைத்துப் பாடும் மெட்டின் அசலை, அங்கே நம் சொந்தக்காரர் யாராவது விற்றிருக்கலாம்.